நான்காவது மூலை

வடக்கே, காற்று ஓயாத ஒரு பெரிய புல்வெளி. அதன் நடுவில் ஓர் ஏரி. அந்த ஏரிக்கரையில் ஓநாய்களின் ராஜா இருந்தது.

ஏரி மட்டும் அதன் ராஜ்யம் இல்லை. கிழக்கே மணல்மேட்டிலிருந்து மேற்கே பெரிய ஆறு வரைக்கும் எல்லாம் ஓநாய்களுடையதுதான். இவ்வளவு பெரிய நிலத்தை எதற்குப் பிடித்தன என்று கேட்காதீர்கள். பிடித்துவிட்டன. பிறகு அதைக் காவல் காத்துக் காத்தே இளைத்துப்போயின.

முதல் ராஜா ஓநாய்க்கு நான்கு பிள்ளைகள். அவற்றின் வழியில் வந்தவை நான்கு கிளைகள். கிழக்குக் கிளை, தெற்குக் கிளை, ஏரிக்கரைக் கிளை, மேற்குக் கிளை. ராஜா இறந்துவிட்டால் நான்கு கிளைகளும் ஏரிக்கரையில் கூட வேண்டும். முதல் ராஜா கொன்ற காட்டெருதின் தோல் ஒன்று இருந்தது. அதை விரித்து, நடுவில் புது ராஜாவை உட்காரவைத்து, ஒரு மூலைக்கு ஒரு கிளையாகக் கவ்வித் தூக்க வேண்டும். அப்போதுதான் ராஜா ராஜா.

அந்த நாட்டில் இருந்த மங்கோலிய மனிதர்களும் தங்கள் பேரரசனை வெள்ளைக் கம்பளி விரிப்பில் உட்காரவைத்துத் தூக்குவார்கள். யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மனிதர்களுக்குக் கை இருக்கிறது. ஓநாய்கள் வாயால்தான் தூக்க வேண்டும். அதனால் தூக்கும்போது எந்த ஓநாயும் பேச முடியாது, ஊளையிட முடியாது, ஆட்சேபம் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் ராஜா கீழே விழுந்துவிடும். ஓநாய்கள் எல்லாம் ஒன்றாக வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரே நேரம் அதுதான்.

இன்னொரு விதியும் உண்டு. நான்கு கிளைகளும் வந்து சேரும்வரை தோலை விரிக்கக் கூடாது. எத்தனை நாள் ஆனாலும் காத்திருக்க வேண்டும்.

ஒரு முறை ராஜா ஓநாய் இறந்துபோனது. அதன் மனைவி வெண்காதி. காதுகள் இரண்டும் பனிபோல் வெளுத்திருக்கும். வெண்காதிக்கு ஒரே ஆசைதான். தன் மகன் சாம்பலன் அந்தத் தோலில் ஏற வேண்டும்.

சாம்பலனுக்கு அப்படி ஒன்றும் பெரிய ஆசை இல்லை. அதற்குச் சின்ன வயதிலிருந்தே இருமல். குளிர் வந்தால் நெஞ்சுக்குள் ஏதோ உருளும். ஏரிக்கரைப் புதர்களில் உதிர்ந்து பனிக்கடியில் கிடந்து புளித்த பழங்களைத் தின்றால் இருமல் கொஞ்சம் அடங்கும், தலையும் கிறுகிறுக்கும். தின்றுவிட்டுத் தூங்கிவிடும். அப்படியே விட்டிருந்தால் அது பாட்டுக்கு இருந்திருக்கும்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டது சாம்பலன்.

"உனக்கு இல்லன்னா எனக்கு" என்றது வெண்காதி. "உங்க அப்பன் போனதிலிருந்து இந்த இடத்தை நான் கட்டிக் காக்குறேன். அடுத்தவன் பிள்ளைக்குக் கொடுக்கவா?"

அது உண்மைதான். ராஜா போனபின் பல பனிக்காலங்கள் வெண்காதியே ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்டது. யார் வந்தாலும் வேட்டையில் பங்கு கொடுத்தது. இரண்டு பங்கு கேட்டவனுக்கு மூன்று பங்கு கொடுத்தது. ஏரிக்கரையின் நல்ல வேட்டைக்காடுகளைத் தனக்கு வேண்டியவர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. பக்கத்தில் யோசனை சொல்ல ஒரு பெண் நரி இருந்தது. அதன் பெயர் செம்பி. தெற்கே எங்கோ தூர தேசத்திலிருந்து பிடித்துவரப்பட்ட நரி. பிடித்து வந்தவர்கள் அதைத் தின்ன மறந்துவிட்டார்கள், அது பிழைத்துக்கொண்டது.

ஒருவழியாக எல்லாக் கிளைகளுக்கும் ஆள் போனது. கிழக்கு வந்தது. தெற்கு வந்தது. ஏரிக்கரை அங்கேயே இருந்தது. மேற்கு மட்டும் வரவில்லை.

மேற்குக் கிளையின் தலைவன் கட்டைவாலன். சாம்பலனுக்குப் பெரியப்பா மகன், வயதில் மூத்தவன். பல வருடங்களுக்கு முன் இருவரும் சேர்ந்து மேற்கே ஒரு பெரிய வேட்டைக்குப் போயிருந்தார்கள். ஒரு கலைமான் உதைத்ததில் கட்டைவாலனின் பின்னங்கால் உடைந்தது. ஆனாலும் அதே மானைக் கீழே தள்ளியது கட்டைவாலன்தான். அன்று மாலை பந்தியில் முதல் வாய் யாருக்கு என்று பேச்சு வந்தது. மூத்தவன் என்று கட்டைவாலனை முன்னால் விட்டார்கள். சாம்பலன் அப்போது இளரத்தம். புளித்த பழமும் உள்ளே போயிருந்தது.

"இந்த நொண்டிக் கிழவன் தின்ன மிச்சத்தை நான் தின்னணுமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தியது.

கட்டைவாலன் தின்று முடித்து, நொண்டிக்கொண்டே எழுந்து போனது. அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது ஏரிக்கரையில் எல்லோரும் காத்திருந்தார்கள். கோடை போனது. ஏரியைச் சுற்றி இருந்த மான்கள் எல்லாம் தின்று தீர்ந்தன. கிழக்கிலிருந்து வந்த ஓநாய்களின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. முதல் பனி விழுந்த அன்று மேற்கிலிருந்து ஒரு நாரை வந்து இறங்கியது.

"கட்டைவாலன் சொல்லி அனுப்பினாரு" என்றது நாரை. "கால் வலி. இப்ப வர முடியாதாம்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டது வெண்காதி.

"அவ்வளவுதான். அவரு அதிகம் பேசுற ஆள் இல்லையே."

வெண்காதி சிரித்தது. "கால் வலியாம். ஆறு தாண்டி, மலை தாண்டி வேட்டைக்குப் போனவனுக்கு என் பிள்ளையைத் தூக்க மட்டும் கால் வலிக்குதாம். சாம்பலா, பாத்தியா? உன்னை அவன் ராஜாவா மதிக்கல."

அதுவரை சாம்பலன் இந்த விஷயத்தில் பட்டும் படாமல்தான் இருந்தது. ‘மதிக்கல’ என்ற சொல் அதன் மூக்கில் குத்தியது. கலைமான் உதைத்ததை அது கண்ணால் பார்த்திருந்தது. எலும்பு முறிந்த சத்தத்தைக் காதால் கேட்டிருந்தது. நொண்டி என்று பெயர் வைத்ததே அதுதான். ஆனால் அது எதுவும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. கோபம் வந்துவிட்டால் நமக்கும் அப்படித்தான்.

செம்பி மெதுவாகச் சொன்னது. "அம்மா, அடுத்த கோடை வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாமே. நாலு கிளையும் வரணும்னுதானே விதி."

"அடுத்த கோடை வரைக்கும் நான் இருக்கணுமே" என்றது வெண்காதி. அதன் குரலில் அன்றுதான் முதல் முறையாக அலுப்பு தெரிந்தது.

கிழக்குக் கிளையின் தலைவர் எழுந்து உடம்பை உதறினார். "எங்க குட்டிங்க அங்க பசியில கிடக்கு. தூக்குறதுன்னா இன்னைக்கே தூக்குங்க. இல்லன்னா நாங்க கிளம்புறோம்."

அதற்கு மேல் யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை. சரி என்று பட்டதால் இல்லை. காத்திருந்து சலித்துவிட்டது, அவ்வளவுதான். உலகத்தில் பாதிக் காரியங்கள் இப்படித்தான் முடிவாகின்றன.

"நாலாவது மூலையை யார் கவ்வுறது?" என்று யாரோ கேட்டார்கள்.

வெண்காதி திரும்பிப் பார்த்தது. "செம்பி, நீ கவ்வு."

"நான் ஓநாய் இல்லையே, அம்மா."

"நாலு கால் இருக்கு, வால் இருக்கு, பல் இருக்கு. போதும்."

தோலை விரித்தார்கள். சாம்பலன் நடுவில் ஏறி உட்கார்ந்தது. கிழக்கு மூலையைக் கிழக்குத் தலைவர் கவ்வினார். ஏரிக்கரை மூலையைச் சாம்பலனின் சிற்றப்பா கவ்வியது. தெற்கு மூலையை இன்னொரு சிற்றப்பாவின் மனைவியான சித்தி கவ்வியது. புருஷன் செத்தபின் தெற்குக் கிளையைத் தனியாக நடத்திவந்த வயதான ஓநாய் அது. மேற்கு மூலையில் செம்பி நின்று, சின்ன வாயைப் பெரிதாகத் திறந்து கவ்வியது. நான்கு பேரும் தலையைத் தூக்கினார்கள்.

மூன்று மூலைகள் மேலே போயின. மேற்கு மூலை பாதி உயரத்தில் நின்றுவிட்டது. நரியின் உயரம் அவ்வளவுதான். சாம்பலன் சரசரவென்று மேற்குப் பக்கம் சரிந்தது. விழாமலிருக்க நகங்களைத் தோலில் ஊன்றியது. தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வாயில்தான் தோல் இருக்கிறதே. ஆனால் எல்லாக் கண்களும் பார்த்தன. அந்தக் கண்களைச் சாம்பலனும் பார்த்தது.

கீழே இறக்கினார்கள். "ராஜா வாழ்க" என்று ஊளையிட்டார்கள். சித்தியின் வாயோரத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. என்ன என்று யாரும் கேட்கவில்லை. சித்தி நாக்கால் துடைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியது.

அப்படித்தான் சாம்பலன் ராஜா ஆனது.

குறை சொல்லக் கூடாது, முதல் கொஞ்ச நாள் அது நன்றாகத்தான் ஆண்டது. அம்மா கண்டவர்களுக்கு அள்ளிக் கொடுத்திருந்த வேட்டைக்காடுகளைத் திரும்ப வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கியது. வேட்டையில் கிடைத்ததில் குட்டிகளுக்கு முதல் பங்கு என்று சொன்னது. இவனா இப்படி என்று ஓநாய்கள் ஆச்சரியப்பட்டன. இருமல் மட்டும் போகவில்லை.

ராஜா அந்தத் தோலின் மேல்தான் படுக்க வேண்டும். அது வழக்கம். சாம்பலன் தினமும் மேற்கு மூலைப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்தது. கண்ணைத் திறந்தால் அந்தக் கிழிசல். மூடினாலும் அந்தக் கிழிசல். கொஞ்ச நாளில் வேறு எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

"ராஜா, ஏரி சீக்கிரம் உறைஞ்சுடுச்சு. மீன் கிடைக்கல" என்று வந்து சொல்வார்கள்.

"மேற்குல என்ன சேதி?" என்று கேட்கும் ராஜா.

"ராஜா, கிழக்குல குட்டிங்களுக்கு ஏதோ காய்ச்சல்."

"கட்டைவாலன் இப்ப நடக்குறானா, ஓடுறானா?"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் ராஜா செம்பியைக் கூப்பிட்டது. புளித்த பழத்தின் வாடை ராஜாவின் வாயிலிருந்து வந்தது.

"அன்னைக்கு நீ வேணும்னே தாழப் பிடிச்சே. என்னைச் சரிய வச்சே. மேற்குக்காரன் உனக்கு என்ன கொடுத்தான்?"

"நான் நரி, ராஜா" என்றது செம்பி. "என் கழுத்து இவ்வளவுதான் உசரும். உங்க அம்மா கவ்வச் சொன்னாங்க, கவ்வினேன்."

"மாயக்காரி. எனக்கு இருமல் வச்சதும் நீதான்."

"இருமல் நான் இந்த நாட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு இருந்துச்சே."

அது உண்மை என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஓநாயும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவற்றின் வாயில் தோல்கூட இல்லை. செம்பியை ஏரியின் மேல் கால் வைத்தால் உடையும் மெல்லிய பனிக்கட்டி படர்ந்திருந்த பக்கமாகத் துரத்தினார்கள். செம்பி திரும்பி வரவில்லை.

வெண்காதி மகனின் முன்னால் போய் நின்றது. "அவ என்னடா பண்ணினா? நான் சொன்னதைத்தானே செஞ்சா."

ராஜா மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. வெண்காதி குகைக்குப் போய்ப் படுத்தது. சாப்பாடு வேண்டாம் என்றது. பனிக்காலம் முடிவதற்குள் அதுவும் போய்ச் சேர்ந்தது. மகனைத் தோலில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருடம் பாடுபட்டது. ஏற்றிப் பார்த்ததில் மிச்சம் இதுதான்.

துக்கம் கேட்கத் தெற்கிலிருந்து சித்தி வந்தது. ராஜா மெலிந்திருந்தது. கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன.

"பனி உருகினதும் மேற்கே கிளம்புறேன், சித்தி" என்றது ராஜா. "அந்தப் பக்கத்துத் தண்ணி என் இருமலுக்கு நல்லதாம்."

"தண்ணி குடிக்க ஏன் இவ்வளவு பெரிய படை?"

ராஜா மேற்கே திரும்பிச் சொன்னது. "தோலையும் எடுத்துட்டுப் போறேன். அவன் கழுத்தைப் பிடிச்சு அழுத்தி, அந்த மூலையைக் கவ்வ வைக்கப் போறேன். கவ்வ மாட்டேன்னா அவன் கிளையே இருக்காது."

சித்தி அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. "சாம்பலா, ஒரு மூலை சாய்ஞ்சது உனக்குத் தெரியுது. மீதி மூணை நாங்க பிடிச்சுக்கிட்டு நின்னோமே, அது தெரியலையா?"

"நீங்க பிடிப்பீங்கன்னு எனக்குத் தெரியும், சித்தி."

"தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ராஜா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிழிசலை நகத்தால் நீவிக்கொண்டிருந்தது. சித்தி எழுந்து வெளியே வந்தது. ஓநாய்க் குலம் இரண்டாகக் கிழிந்துவிடக் கூடாதே என்ற பயம் அதற்கு. ஏரிக்கரையில் நின்ற நாரையைக் கூப்பிட்டது.

"மேற்கே போய் அவங்கிட்ட சொல்லு. ராஜா வர்றான், படையோட வர்றான், தோலையும் கொண்டு வர்றான்னு சொல்லு. அவன் என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன்."

பனி உருகி, படை கிளம்பியதைப் பார்த்துவிட்டு நாரை பறந்தது. பெரிய ஆற்றங்கரையில் கட்டைவாலன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உடைந்த கால் வளைந்தபடியே கூடியிருந்தது. பனிக்காலம் முழுவதும் அந்தக் காலைத் தரையில் ஊன்ற முடியாது. வெயில் வந்தால்தான் கொஞ்சம் நடை. நாரை சொன்ன சேதியைக் கேட்டதும் மேற்குக் கிளையின் இளைஞர்கள் எல்லாம் பல்லைக் காட்டினார்கள்.

"வரட்டும். ஒரு கை பார்த்துடுவோம்" என்றது கட்டைவாலனின் மகன்.

கட்டைவாலன் நாரையிடம் கேட்டது. "தோலை எடுத்துட்டு வர்றானா? நிஜமாவா?"

"ஆமா. நாலு நாலு பேரா மாத்தி மாத்திக் கவ்வி, சேத்துல இழுத்துட்டு வர்றாங்க. பாக்கவே பாவமா இருக்கு."

"நான் வர்ற வரைக்கும் தோலை விரிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றது கட்டைவாலன் மகனிடம். "கோடை வந்ததும் போகலாம்னு இருந்தேன். விரிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டதும் எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லி அனுப்பியிருக்கலாம். உன்னையாவது அனுப்பியிருக்கலாம்."

"இப்ப என்ன செய்யப் போறீங்க, அப்பா?"

"பாதி வழி நான் போறேன்" என்றது கட்டைவாலன். மகன் எவ்வளவோ தடுத்தும் கேட்கவில்லை. துணைக்கு நான்கைந்து பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, மூன்று காலில் நடந்து, கிழக்கே கிளம்பியது.

அந்தப் பக்கத்தில் ராஜாவின் படை வந்துகொண்டிருந்தது. அதைப் படை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பசித்த ஓநாய்கள், காய்ச்சலில் குட்டிகளை விட்டுவிட்டு வந்த ஓநாய்கள், எதற்குப் போகிறோம் என்று கேட்கக்கூடத் தெம்பில்லாத ஓநாய்கள். தோல் ஈரத்தில் ஊறிக் கனத்துப்போயிருந்தது. அதை இழுத்து இழுத்து எல்லோருக்கும் தாடை வீங்கியது. மூன்று மூலைக்காரர்களையும் ராஜா கூடவே கூட்டி வந்திருந்தது. கட்டைவாலன் கவ்வும்போது மீதி மூலைகளுக்கு ஆள் வேண்டாமா?

ராஜா முன்னால் நடந்தது. கொஞ்ச தூரம் நடக்கும், நின்று இருமும். மறுபடி நடக்கும். இருமலில் ரத்தம் வர ஆரம்பித்தது.

"திரும்பிடலாம், ராஜா" என்றார் கிழக்குத் தலைவர்.

"இன்னும் கொஞ்சம்தான்" என்றது ராஜா.

பாதி வழியில் ஓர் ஓடை இருந்தது. ராஜாவால் அதைத் தாண்ட முடியவில்லை. கரையிலேயே தோலை விரிக்கச் சொல்லி அதன் மேல் படுத்துவிட்டது. அப்போதும் முகம் மேற்கே பார்த்துத்தான் இருந்தது. அதனால்தான், ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓர் ஓநாய் வருவதை முதலில் பார்த்ததும் ராஜாதான்.

படை எழுந்து நின்றது. எல்லோரும் பல்லைக் காட்டினார்கள். அந்த நொண்டி ஓநாய், துணைக்கு வந்தவர்களை அந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு, தண்ணீரில் இறங்கி, தடுமாறி, ஒரு முறை விழுந்து, இந்தக் கரைக்கு ஏறி வந்தது.

ராஜா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. கால் ஓர் இடத்தில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

"நிஜமாவே கால்தானா, அண்ணா?" என்று கேட்டது.

"அந்தக் கலைமான் உதைச்ச கால்தான்" என்றது கட்டைவாலன். "நீதானே பேரு வச்சே."

ராஜா சிரித்தது. சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. கட்டைவாலன் பக்கத்தில் உட்கார்ந்து அதன் முதுகை நக்கிக்கொடுத்தது.

"நான் உன்னைக் கொல்ல வந்தேன்" என்றது ராஜா.

"தெரியும். சொன்னாங்க."

"தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"தோலைக் கொண்டு வர்றேன்னு கேள்விப்பட்டேன். பெரிய தோல். நீ அவ்வளவு தூரம் இழுத்துட்டு வர்றப்ப நான் பாதி தூரமாவது வரணுமில்ல?"

ராஜா கண்ணை மூடித் திறந்தது. "செம்பியை நான் கொன்னுட்டேன்" என்றது. "அம்மாவும் போயிட்டா." ஓடைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவை தூக்குங்க" என்றது ராஜா. "சாயாமத் தூக்குங்க. போதும்."

மூலைக்காரர்கள் வந்து நின்றார்கள். கிழக்குத் தலைவர் வீங்கிய தாடையால் கவ்வினார். சிற்றப்பா கவ்வியது. சித்தி கவ்வியது. மேற்கு மூலையில் கட்டைவாலன் நின்று, நல்ல கால்கள் மூன்றையும் நன்றாக ஊன்றிக்கொண்டு, கிழிசலுக்குப் பக்கத்தில் கவ்வியது. தூக்கினார்கள்.

நான்கு மூலைகளும் மேலே போயின.

சாம்பலன் நடுவில் படுத்திருந்தது. சரியவில்லை. நகத்தை ஊன்றவில்லை. ஆனால் அவ்வளவு நாள் சாய்ந்தே கிடந்து பழகிய மனதுக்கு அதை நம்ப முடியவில்லை.

"சாயுதா?" என்று கேட்டது.

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோர் வாயிலும் தோல் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தால், அந்த நொடியே ராஜா கீழே விழும்.

"யாராவது சொல்லுங்க. சாயுதா?"

நான்கு பேரும் கழுத்து வலிக்க வலிக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பதிலைத்தான் அவர்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது முறை கேள்வி வரவில்லை.

மெதுவாகக் கீழே இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் தெரிந்தது, ராஜா இறந்துபோயிருந்தது. எப்போது உயிர் போனது என்று தூக்கியவர்களுக்கே தெரியவில்லை. இரண்டாவது பனிக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அவ்வளவு சின்ன ஆட்சி.

"சாயலடா" என்றது கட்டைவாலன். "கொஞ்சம்கூடச் சாயல." கேட்க வேண்டியவனுக்கு இனிமேல் கேட்காது.

அங்கேயே ஓடைக்கரையில் பள்ளம் தோண்டினார்கள். தோலைச் சுருட்டும்போது கட்டைவாலனின் மூக்கில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தது. தெற்கு மூலையில், மயிருக்குள் புதைந்து, ஒரு பழைய பல் குத்திக்கொண்டு நின்றது.

"இது யாரோட பல்லு?"

"என்னோடது" என்றது சித்தி.

"இப்ப விழுந்ததா?"

"இல்லப்பா. முதல் தடவை தூக்கினப்ப. நரி பக்கம் சாய்ஞ்சதும் மொத்தக் கனமும் எங்க மேல ஏறிடுச்சு. விட்டிருந்தா பையன் தலைகுப்புற விழுந்திருப்பான். விடல. பல்லு போச்சு."

"இத்தனை நாளும் இங்கேயே இருந்துச்சா? அவன் பார்க்கவே இல்லையா?"

"அவன் மேற்கே பார்த்துத்தானே படுப்பான்" என்றது சித்தி.

கட்டைவாலன் அந்தப் பல்லை எடுக்கவில்லை. அதோடு சேர்த்தே தோலைச் சுருட்டியது. மற்றவர்கள் ஊருக்குத் திரும்பும் வழியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்து யார் ராஜா என்று சீக்கிரமே மறுபடி கூட வேண்டும், மறுபடி காத்திருக்க வேண்டும். அதை நினைக்கவே எல்லோருக்கும் அயர்ச்சியாக இருந்தது.

தன்னைத் தாங்காமல் விட்டவர்களையே நினைத்துக்கொண்டிருப்பவன், பல் உடையத் தன்னைத் தாங்கிப் பிடித்தவர்களைக் கடைசிவரை காண்பதில்லை.